வழியும் கிணறும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். காணியை வாங்கிப் பார் என்று அவர்கள் கூறாமைக்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் காணி முதுசமாகவோ சீதனமாகவோ வந்து சேர்ந்தது. விலைக்கு வாங்கியோர் சிலரே. இன்றோ வாடகை வீட்டில் இருந்து களைத்தவரும், இடம்பெயர்ந்து மீண்டவரும் ஊர்ப்புறத்தில் சில பரப்புக் காணி வாங்கி வீடு கட்ட விழைகின்றனர். சென்ற கிழமை எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர், தம் தந்தையார் காணி வாங்க இருப்பதாகக் கூறி, “எதைப் பார்த்து வாங்க வேண்டும், ஐயா?” என்று வினவினார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகின்றோம். நாம் பட்டு அறிந்ததை வாசகர்கள் கேட்டு அறிந்துகொள்ளட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் நான்கு பரப்புக் காணி விலைக்கு வந்தது. 16 பரப்பு ஓர் ஏக்கராதலால் அது கால் ஏக்கர். நல்ல செம்மண், காய்த்துக் குலுங்கும் கறுத்தக்கொழும்பான் மா, கல்லால் கட்டிய கிணறு. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தார். அவர் கொடுத்த அற்றோணித் தத்துவத்தின் பேரில் உறவினர் ஒருவர் விற்றார். விலையும் நயமாகவே இருந்தது. கடன் பட்டு வாங்கினோம்.

நொத்தாரிசு உறுதியை வாசித்தபோது நாம் தலையசைத்துக் கொண்டிருந்தோம். பட்டம் பெற்ற எமக்கு உறுதித் தமிழ் விளங்காதா என்னும் செருக்கு! நான்கு எல்லைகளும் ஒழுங்காகவே இருந்தன. ‘வழி வாய்க்கால் உரித்து’ என்னும் சொற்கள் அதில் இல்லாமை மட்டும் எம் கண்ணிற் படவில்லை.

எம் காணி தெருவைத் தொடவில்லை. தெருவிலிருந்து ஒரு மூதாட்டியின் வளவினூடாகச் செல்லும் ஒழுங்கையே அதற்கு வழி. அத்திவாரத்துக்குக் கல் ஏற்றி வந்த லொறி, அந்த ஒழுங்கை வேலியின் ஏழெட்டுக் கிளுவங் கதியால்களை முறித்துவிட்டுப் போயிற்று. மறுநாட் காலை ஒழுங்கை வாயிலில் முட்கம்பி கட்டப்பட்டிருந்தது.

வெகுண்டு சட்டத்தரணியிடம் ஓடினோம். அவர் அமைதியாக விளக்கினார். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் காணியில் வழியுரித்துப் பெறுவதானால் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன், எழுத்தில் முடிக்க வேண்டும். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பத்து ஆண்டுத் தடையற்ற பாவனையையும் ஏற்கும். ஆனால், உரியவரின் இசைவோடு நடந்து வந்தது உரித்தாகாது. எமக்கு விற்றவர் குடும்பம் காலம் காலமாக அம்மூதாட்டியின் இசைவோடுதான் நடந்திருக்கிறது. “வேறு வழியில்லாத காணிக்கு அவசிய வழி கேட்டு வழக்காடலாம்; வெல்லவும் கூடும். எப்போது என்று மட்டும் கேளாதீர்கள்” என்றார். கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. வாங்கி அடுக்கிய சீமெந்து இறுகிக்கொண்டிருந்தது.

அன்றிரவு எம் அன்னையார் ஒரே கேள்வி கேட்டார்: “கோட்டுக்குப் போக முன்னம் அந்த மனிசியிட்டை ஒருக்காப் போனனியே?”

போகவில்லை. மறுநாள் போனோம். ஆச்சி திண்ணையில் இருத்தித் தேநீர் தந்தார். “இந்த வழியாலை எத்தினை சனம் போனது, நான் ஒருத்தரையும் மறிக்கேல்லை. நீங்கள் ஒரு சொல்லுக் கேட்கேல்லை, தம்பி” என்றார். முறிந்த கதியால்கள் காலஞ்சென்ற அவர் கணவர் நட்டவை. 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வில் அவரது உறுதிப் பெட்டி தொலைந்துபோயிற்று. அன்று முதல், கடுதாசியோடு வருவோர் எவரைக் கண்டாலும் தம் வளவு பறிபோகும் என்னும் அச்சம் அவருக்கு. எமக்கு நாணமாயிற்று.

நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் இணைப்பிரதி ஒன்று காணிப் பதிவகத்துக்குச் செல்லும்; அங்கே சான்றுப்படுத்திய பிரதி பெறலாம். ஆச்சியை அழைத்துச் சென்று தேடுவித்தோம், பிரதி கிடைத்தது. வேலியையும் புதிதாக அடைத்தோம். வழிக்குப் பணம் தருவதாகக் கூறியபோது அவர் மறுத்தார். தம் கிணறு உவர்த்துப் போனதாகவும், எம் கிணற்றில் குடிநீர் அள்ள விட்டாற் போதும் என்றும் சொன்னார். அவர் எமக்கு வழியும், நாம் அவருக்கு நீரும் கொடுப்பதாக உறுதி முடித்துப் பதிவும் செய்தோம். சொல்லால் மட்டும் ஆனது எம் காலத்தோடு போய்விடும். பிள்ளைகள் காலத்தில் மீண்டும் முட்கம்பி வரும்.

ஆகவே, காணி வாங்குவோர் முதலிற் பார்க்க வேண்டியது வழி. அது உறுதியில் உண்டா, எத்தனை அடி அகலம், லொறி செல்லுமா என்று கேளுங்கள். அடுத்தது நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லில் ஊறி, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே நம் கிணற்று நீர். மிகையாக இறைத்தால் உவர் மேலெழும். ஆதலால் மாரியில் அன்று, ஆவணி வறட்சியிற் சென்று குடித்துப் பாருங்கள். தோட்டப் பசளையும் மலக்குழிக் கசிவும் நைத்திரேற்றாக நீரிற் கலக்கும். அதனை நாக்கு அறியாது. ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. நீரைப் பரிசோதிப்பியுங்கள். கிணற்றில் எவருக்குப் பங்கு உண்டு என்றும் விசாரியுங்கள். பதிவகத்தில் தேடுதல் செய்வதும், அற்றோணித் தத்துவம் இன்னும் செல்லுமா என அறிவதும், தேசவழமைப்படி பங்காளருக்கும் உரித்தாளருக்கும் உள்ள முதற் கொள்வனவு உரிமையைக் கவனிப்பதும் நொத்தாரிசின் உதவியோடு செய்யத்தக்கவை. ஆனால் அயலவரைப் போய்க் காண்பதற்கு எவரும் உங்களுக்குப் பதிலாகப் போக முடியாது. விலை பேசுமுன் அதனைச் செய்யுங்கள்.

எம் வீடு கட்டி முடிந்துவிட்டது. ஆச்சி நாள்தோறும் காலையிற் குடத்துடன் வருவார். படலையில் நின்று குரல் கொடுத்த பின்னரே உள்ளே வருவார். உரித்து உறுதியில் இருக்கின்றதே என்று ஒருநாள் சொன்னோம்.

“இருந்தாலும் கேட்டுப்போட்டு வரவேணும், தம்பி” என்றார்.