"இந்த வயசிலயும்" எண்டு சொல்லாதேயுங்கோ

மேடையில் ஒரு மூத்த நடிகை பாடி முடித்தால் எங்களிடம் ஒரு பாராட்டு எப்பவும் தயாராக இருக்கும்: "இந்த வயசிலயும் என்ன மாதிரிப் பாடுறா!" கேட்க அன்பாகத்தான் இருக்கு. ஆனால் இந்த வயதில் அவவிடம் நாங்கள் ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். தத்தித் தத்தி நடக்கிற பிள்ளைக்குக் கைதட்டுகிற மாதிரித்தான் இதுவும்.

இந்தப் பழக்கம் உள்ள ஆக்கள் 'எலெய்ன் ஸ்ரிச் அற் லிபேட்டி' படத்தைப் பார்க்க வேண்டும். ஸ்ரிச் 1925 இல் பிறந்தவ. அமெரிக்க இசை நாடக மேடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றவ. 2001 இல் நியூயோர்க்கில் தொடங்கிய இந்தத் தனியாள் நிகழ்ச்சி, அடுத்த வருசம் புரோட்வேக்குப் போய் ரோனி விருதும் வாங்கியது. பிறகு லண்டன் ஓல்ட் விக் அரங்கில் படமாக்கப்பட்டு, 2004 இல் எச்பிஓவில் ஒளிபரப்பானது.

வெறும் மேடை. ஒரு உயரமான ஸ்ரூல். வெள்ளைச் சேட்டும் காலோடு ஒட்டின கறுத்த உடுப்பும் போட்ட ஒரு மனுசி. அவ்வளவுதான்.

அவ செய்கிற வேலையைக் கவனியுங்கோ. 1950களின் தொடக்கத்தில் புரோட்வேயில் எதெல் மேர்மனுக்கு மாற்று நடிகையாக இருந்துகொண்டே, நியூ ஹேவனில் 'பால் ஜோயி' நாடகத்திலும் நடிக்க ஒப்புக்கொண்டு, இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடித் திரிந்த கதையைச் சொல்லுகிறா. அந்த நாடகத்துப் பாட்டை ஒரு வரி பாடி நிறுத்துகிறா, கதைக்குள் போகிறா, திரும்ப வந்து விட்ட இடத்திலேயே பாட்டைப் பிடிக்கிறா. தாளமும் பிசகவில்லை, பகிடியும் பிசகவில்லை. இருபது வயதுக்காரர் எத்தனை பேருக்கு இது கைவரும்? மேடைப் பயத்துக்குக் குடித்ததையும், அந்தக் குடி தன்னை என்ன செய்தது என்பதையும் அனுதாபம் கேட்காமல் அதே கணக்கோடு சொல்லுகிறா.

வயதுதான் அளவுகோல் எண்டு நினைக்கிறவைக்கு இன்னொரு சாட்சி இருக்கு. 1970 இல் 'கம்பனி' நாடகத்தின் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்ததை பென்னபேக்கர் படமாக்கினார். அதில் நாற்பத்தைந்து வயது ஸ்ரிச், நள்ளிரவு தாண்டி, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியும் சரிவராமல் உடைந்து போகிறா. இன்னொரு நாள் வந்துதான் அதைப் பாடி முடிக்கிறா. 2004 படத்தின் இயக்குநர்களிலும் அதே பென்னபேக்கர் ஒருவர். அங்கே எழுபத்தேழு வயதில் முழு நிகழ்ச்சியையும் தனியாளாகத் தாங்குகிறா. குரல் கரகரப்புத்தான், ஆனால் அது எப்பவுமே அவவின் கருவி.

"மேடையைப் படம் பிடித்தால் உயிர் போயிடும்" என்று சிலர் சொல்லுவினம். ரிக்கெற் வாங்கி லண்டனில் இருந்து பார்க்கக் கூடியவர்கள் அப்படிச் சொல்லலாம். எங்களுக்குக் கிடைப்பது படம்தான். கிட்டப் போகிற கமெரா சலுகையும் கொடுக்காது. மூச்சு வாங்குவதும் வியர்ப்பதும் அப்படியே தெரியும். பின்வரிசையில் இருந்தவருக்கு அது தெரிந்திராது.

ரோனி மேடையில் என்ன நடந்தது? விருதைக் கையில் கொடுத்துவிட்டு, அவ பேசி முடிய முதலே இசையைப் போட்டு நிறுத்திப் போட்டினம். எங்கட ஊரில் நாங்கள் செய்வதும் இதுதான்: பொன்னாடை போர்த்துவம், படம் எடுப்பம், "இந்த வயசிலயும்" என்போம். அந்த ஆள் அன்று எதைப் பாடினார், எங்கே உயர்ந்தார், எங்கே சறுக்கினார் என்று ஒருத்தரும் எழுத மாட்டம். விமர்சனம் செய்யாமல் விடுவதும் ஒருவகையில் ஓய்வு கொடுத்து அனுப்புவதுதான்.

மூத்த கலைஞருக்கு மரியாதை செய்ய விரும்பினால் வயதைக் கணக்கில் எடுக்காதேயுங்கோ. இளம் ஆளை எப்படி உரசிப் பார்ப்பீர்களோ, அப்படியே உரசிப் பாருங்கோ. ஸ்ரிச் அந்த வெறும் மேடையில் ஏறியது அதற்குத்தான்.