உத்திரமும் பேரனின் அட்டவணையும்

பேரன் பொறியியல் முதலாண்டு. டி வடிவம், எல் வடிவம் என்று வரைந்து 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். தமிழ்ப் பாடநூலில் இதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். படத்தைச் செவ்வகங்களாக வெட்டுகிறான், அட்டவணை போடுகிறான், கூட்டுகிறான். விடை சரி. பரப்பை ஏன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிச் சேர்க்கிறாய் என்று கேட்டேன்.

"ஃபார்முலா அப்படித்தான் தாத்தா."

அவனைக் குறை சொல்ல முடியாது. புதுச்சேரியில் நான் பிரெஞ்சில் படித்தபோது இதே விதிக்கு ஹைகன்ஸ் தேற்றம் என்று பெயர். வாத்தியார் கரும்பலகையில் எழுதினார், அழித்தார், அவ்வளவுதான். அதன் காரணம் எனக்குப் புரிந்தது போன வருஷம், எங்கள் வீட்டுக் கூடத்தில்.

மெட்ராஸ் டெரஸ் கூரை. ஓர் உத்திரம் நடுவில் தொய்ந்துவிட்டது. அதே அளவில் இன்னொரு கட்டையை அடியில் கொடுத்தால் பலம் இரண்டு மடங்கு என்றேன். பேரனும் ஆமாம் என்றான். ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லை.

"சும்மா கொடுத்தா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும் சார். சேர்த்துப் பூட்டணும்."

அன்று இரவு கணக்குப் போட்டேன். அகலம் 10, உயரம் 12 சென்டிமீட்டர். உயரத்தின் கனத்தை அகலத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 1440. தனித்தனியாகக் கிடக்கும் இரண்டு கட்டைக்கு 2880. இரண்டையும் ஒன்றாகப் பூட்டினால் பொது அச்சு அவை சேரும் இடத்துக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு கட்டையின் மையமும் அதிலிருந்து 6 சென்டிமீட்டர். பரப்பு 120-ஐ 36-ஆல் பெருக்கினால் 4320. அதோடு 1440 சேர்ந்து 5760. இரண்டுக்கும் 11520. சும்மா அடுக்கியதைப்போல நான்கு மடங்கு! பேரன் மனப்பாடம் செய்த அந்த 4320 முழுக்க, கட்டைகள் வழுக்காமல் இருப்பதற்குக் கிடைக்கும் கூலி. வழுக்கினால் அது இல்லை.

ஆசாரி முதலில் முட்டுக் கொடுத்துத் தொய்வை நிமிர்த்தினார். பிறகு பசை தடவி போல்ட் போட்டார். சுவர்ப் பக்கம் நெருக்கமாக, நடுவில் தள்ளித் தள்ளி. வழுக்கும் இழுப்பு ஓரங்களில்தான் அதிகம் என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. மரத்தில் போல்ட் கொஞ்சம் அசையும், ஆகையால் முழு நான்கு மடங்கு கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் கட்சி இதுதான்: அட்டவணைக்கு முன்னால் பிள்ளைகள் கையில் இரண்டு மர ஸ்கேலைக் கொடுங்கள். சேர்த்துப் பிடித்து வளைக்கட்டும், முனைகள் நழுவுவதைப் பார்க்கட்டும். பிறகு ஒட்டிக் காயவைத்து வளைக்கட்டும். ஒரு வகுப்பு நேரம்கூட ஆகாது. பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை என்கிறான் பேரன். டி வடிவத்துக்கு மட்டும் பதினொரு கணக்கு இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன்.