பத்தாயத்தை என்ன செய்வது?

தென்காசியில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டை விற்பது என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் கூடி முடிவு செய்துவிட்டோம். இடத்துக்குத்தான் விலை. வாங்குகிறவர் வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார். எனக்கும் எழுபத்திரண்டு வயதாகிறது, ஓடு மாற்ற ஆள் தேடி அலைய முடியவில்லை. ஆகவே விற்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பேச்சு முற்றியது உள்ளே கிடக்கும் சாமான்களை வைத்துத்தான்.

பழைய மரச்சாமான் வாங்கும் வியாபாரி ஒருவர் வந்தார். பட்டாசலில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, "நிலை, கதவு, நாலு தூணு, பத்தாயம், ஊஞ்சப் பலகை, ஒரு சாய்வு நாற்காலி. இம்புட்டுதானா அண்ணாச்சி? மத்த சாமானெல்லாம் எங்க?" என்று கேட்டார். எப்போதும் இவ்வளவுதான் இருந்தது என்றேன். அவர் நம்பவில்லை. எனக்குத் தெரியாமல் யாரோ முன்னாலேயே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

உண்மை என்னவென்றால், எங்கள் பக்கத்து வீடுகளில் முக்கால்வாசிச் சாமான் வீட்டோடு சேர்த்தே கட்டப்பட்டது. வந்தவர் உட்காரத் திண்ணை. விளக்கு வைக்க மாடக்குழி. ஊஞ்சலும் தொட்டிலும் தொங்க விட்டத்தில் இரும்பு வளையம். வேண்டாததை ஏற்றி வைக்க மச்சு. பகலில் மூலையில் சுருட்டி நிற்கும் பாய்கள் ராத்திரி விரிந்தால் பட்டாசல் படுக்கையறை ஆகிவிடும், காலையில் இலை போட்டால் அதுவே சாப்பாட்டு அறை. நாற்காலி ஒன்றே ஒன்று, அது தாத்தாவுக்கு. பத்தாயம் கட்டில் உயரத்துக்குப் பலாப்பலகையில் செய்தது. உள்ளே நெல், மேலே ஆச்சியின் படுக்கை. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். அங்கிருந்து வண்டியில் வந்த பத்தாயம் என்று ஆச்சி சொல்லுவாள். மலையாளத்து வாசனை எங்கள் வீட்டு மரச்சாமான்களில் கொஞ்சம் உண்டு.

அலங்காரமும் அப்படித்தான். வாசலில் கோலம், அதுவும் தினம் அழிந்து தினம் போடுவது. பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பும் காவிப்பட்டையும். சுவரின் உச்சியில் வரிசையாகச் சாமி படங்கள். அதில் பாதி, கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர் படங்கள். வருஷம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டுக் கண்ணாடி போட்டு மாட்டுவோம். மாப்பிள்ளை பெண் பெயரை நெய்த பத்தமடைப் பட்டுப் பாய் கல்யாணத்துக்கு வந்தால், மறுநாளே அரங்குக்குள் போய்விடும். சுவர் நிறையச் சித்திரம் பார்க்க வேண்டுமென்றால் குற்றாலத்துச் சித்திர சபைக்குப் போனோம். அது எல்லோருக்கும் பொது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. பேத்தி பார்க்கும் கொரிய நாடகங்களை நானும் கூட உட்கார்ந்து பார்ப்பதுண்டு. "என்ன தாத்தா, இவங்க பழைய வீட்டுல சோபாவே இல்ல?" என்றாள். அந்த ஊர்ப் பழைய வீட்டுக்கு ஹனோக் என்று பெயர். அடுப்பின் சூடும் புகையும் தரைக்கு அடியில் கல் பாவிய வழியாகப் போகும். 'ஒந்தோல்' என்று சொல்லுவார்கள். தரை கதகதப்பாக இருப்பதால் இருப்பும் படுக்கையும் தரையில்தான். பகலில் மெத்தையை மடித்து வைத்துவிடுவார்கள். சாப்பாடு 'சோபான்' என்கிற குட்டைக்கால் மேசையில் வரும். அவர்கள் சூட்டுக்காகத் தரையில் உட்கார்ந்தார்கள், நாம் குளிர்ச்சிக்காக உட்கார்ந்தோம். இரண்டு ஊரிலும் சாமான் குறைவு, ஒரே அறைக்கு மூன்று வேலை. அதை வறுமை என்று நினைப்பது அந்த வியாபாரி செய்த தவறுதான்.

அதற்காகப் பழையதெல்லாம் பொன் என்று சொல்ல நான் தயாரில்லை. திண்ணை ஆண்களுக்கு. அம்மா நாற்பது வருஷம் புகையடைந்த அடுக்களையில் மணை போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் போன பிறகு தரையில் உட்காரவும் முடியாது, உட்கார்ந்தால் எழவும் முடியாது. தாத்தா போன பிறகும் அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார அவள் சம்மதிக்கவில்லை. கடைசியில் பஜாரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டேன். அந்த வீட்டில் அவளுக்கென்று கிடைத்த முதல் இருக்கை அதுதான். வீட்டின் அழகைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகத்துக்கு வரும்.

இப்போது பத்தாயத்துக்கு வருகிறேன். தம்பி, குற்றாலத்தில் ஒரு விடுதிக்காரர் நல்ல விலை தருவதாகச் சொன்னான். அந்த மாதிரி ஒரு விடுதியில் பத்தாயம் பார்த்திருக்கிறேன். மூடியை ஆணி அடித்து, மேலே கண்ணாடி போட்டு, வரவேற்பு மேசை ஆக்கியிருந்தார்கள். விறகாகாமல் தப்பியதே பெரிது, குறை சொல்ல மாட்டேன். அண்ணன், கண்காட்சிக்குக் கொடுக்கலாம் என்றார். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் திருநெல்வேலிச் சீமை ஆம்பூரிலிருந்து ஓர் அக்ரகாரத்து வீட்டைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். பார்த்திருக்கிறேன், அருமையான வேலை. ஆனால் இடிகிற வீட்டையெல்லாம் அப்படிக் காப்பாற்ற முடியுமா?

என் கட்சி வேறு. வீட்டை விற்கிறவர்கள் எல்லாவற்றையும் காப்பாற்ற நினைக்க வேண்டாம். இப்போது இருக்கிற வீட்டில் தினமும் கைபடுகிற சாமான் எது என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அழகுக்காக என்று எடுத்து வைத்தால், அடுத்த தலைமுறை அதைத் தூசி தட்டவே சலித்துக்கொண்டு விற்றுவிடும்.

தூண், நிலை, கதவு, ஊஞ்சல் பலகை, சாய்வு நாற்காலி எல்லாம் வியாபாரிக்குப் போகின்றன. பணம் மூன்று பங்கு. பத்தாயத்தை என் பங்கில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஆசாரி வந்து பார்த்தார். ஆணி இல்லாமல் கோத்த வேலை, பலகை பலகையாகக் கழற்றி மாட்டலாம் என்றார். என் வீட்டு முன்னறையில் சோபா இருக்கும் இடத்தில் அது வரும். உள்ளே போர்வையும் தலையணையும், மேலே பேத்தி. லீவுக்கு வந்தால் அங்கேதான் படுப்பேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

சோபாவை என்ன செய்வது என்று வீட்டில் கேட்கிறார்கள். அது அடுத்த சண்டை.