தினமும் ஜப்பானியம் பேசும் கார்

ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் ஒரு பெண்குரல் கேட்கும். டொயோட்டா அல்ஃபார்டை யாரோ ஸ்டார்ட் செய்திருப்பார்கள். குரல் பணிவாக, ஜப்பானிய மொழியில் ஏதோ ஒன்றைச் சொல்லி அடங்கும். வண்டிக்காரருக்கு அது பழகிப்போன சுப்ரபாதம். வாங்கிய நாளிலிருந்து கேட்கிறார், இன்றுவரை பொருள் தெரியாது. அந்த அம்மாள் சொல்வது இவ்வளவுதான்: 'ஈடிசி கார்டு செருகப்படவில்லை.' ஜப்பானிய நெடுஞ்சாலையில் டோல் கட்டுகிற அட்டை அது. பினாங்குப் பாலத்தில் அதற்கு வேலையில்லை, நமக்கு டச் அண்ட் கோ.

இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அதே வண்டியில் முன்சீட்டு வெயில் மறைப்பைக் கீழே இறக்கினால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று தெரியும். ஏர்பேக் இருக்கும் இருக்கையில் குழந்தையைப் பின்னோக்கி உட்காரவைக்காதே என்பது அதன் எச்சரிக்கை. அதுவும் ஜப்பானியம். கையேடும் ஜப்பானியம்தான், டேஷ்போர்டு அறைக்குள் உறை பிரிக்காமல் கிடக்கும். காரை விற்றவர் முதலில் மாற்றிக் கொடுத்தது ரேடியோவை. ஜப்பானிய எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 95-இல் நின்றுவிடும். அதற்கு மேலே பாடும் நம்மூர் நிலையம் எதுவும் அதில் வராது. பாட்டு கேட்காவிட்டால் வாங்குகிறவர் அன்றே திரும்பி வந்து சண்டை போடுவார். ஸ்டிக்கர் புரியவில்லை என்று சண்டை போட வந்தவர் யாரும் இல்லை.

மலேசியாவில் இதற்குப் பெயர் ரிகண்டிஷன் கார், வாய்ச்சொல்லில் 'ரிகண்ட்'. உற்பத்தியாகி ஓராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் இருக்க வேண்டும். கொண்டுவர ஏபி எனப்படும் அனுமதிச் சீட்டு தேவை. புதிய பொருளாதாரக் கொள்கைக் காலத்தில் பூமிபுத்ரா வணிகர்களுக்குக் கார்த்தொழிலில் இடம் கிடைக்கட்டும் என்று வளர்ந்த ஏற்பாடு அது. 2005-இல் யாருக்கு எத்தனை ஏபி என்ற பட்டியல் வெளியாகி நாடாளுமன்றமே சூடானதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2009 அக்டோபரில் வந்த தேசிய வாகனக் கொள்கை, ஒரு ஏபிக்கு 10,000 வெள்ளிக் கட்டணம் வைத்து, இந்த வகைப் பொது ஏபியை 2015 முடிவில் நிறுத்திவிடுவதாகவும் சொன்னது. 2015 போய் எத்தனையோ ஆண்டாயிற்று. கார்கள் வந்தபடிதான் இருக்கின்றன.

ஏன் ஜப்பான்? அவர்களும் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், ஸ்டீரிங் நமக்கு ஏற்ற பக்கம் இருக்கிறது. இன்னொரு காரணம் 'ஷாக்கென்'. புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனை. பிரேக், விளக்கு, புகை, அடிப்பாகம் எல்லாம் பார்ப்பார்கள், செலவும் கொஞ்சமில்லை. அந்தச் செலவுக்குப் பயந்தே பல ஜப்பானியர் நல்ல காரை மூன்றாம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ ஏலத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அது கப்பலேறி இங்கே வருகிறது. இங்கே வந்து பதிவானதும் என்ன நடக்கிறது? ஒன்றும் நடப்பதில்லை. லோரி, பஸ், டாக்சிக்குத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. சொந்தக் காரை விற்றுப் பெயர் மாற்றுகிற நாள் வரை எந்த அதிகாரியும் அதன் அடியில் குனிந்து பார்ப்பதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் போய்ப் பழகிய உடம்பு, மருத்துவரே இல்லாத ஊருக்குக் குடிவந்த கதை. அதே 2009 கொள்கையில், 15 வயதைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுச் சோதனை என்று ஒரு வரி இருந்தது. ஏழைகளின் வண்டியைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று எழுந்த கூச்சலில் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்த கார் என்றதும் தரக்குறைவு என்று நினைக்கிற பழக்கம் இங்கே பொருந்தாது. வாகனத் தரம் பற்றிய ஐ.நா.வின் 1958 ஒப்பந்தத்தில் ஜப்பான் 1998-இலேயே சேர்ந்துவிட்டது. மலேசியா சேர்ந்தது 2006-இல். ஷோரூமில் நிற்கும் ரிகண்ட் அல்ஃபார்டில் இருக்கும் ஏர்பேக்குகளின் எண்ணிக்கை, ஒரு காலத்தில் நம்மூரில் ஓடிய உள்நாட்டுக் கார்களை வெட்கப்பட வைக்கும். குறை காரைச் செய்தவனிடம் இல்லை. கடல் தாண்டும்போது கூடவே வரவேண்டிய தகவல் வராமல் போவதில்தான் இருக்கிறது.

ஏலச் சீட்டை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய ஏலக்கூடத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் ஒட்டுவார்கள். மேல் மூலையில் மதிப்பெண்: 4.5 என்றால் அருமை, 3.5 என்றால் சுமார், ஆர் என்ற எழுத்து இருந்தால் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. கீழே, கருவாட்டைப் பிளந்து வைத்ததுபோல, விரித்துப்போட்ட காரின் கோட்டுப்படம். அதன் மேல் குறிகள். ஏ என்றால் கீறல், யு என்றால் ஒடுக்கு, டபிள்யூ என்றால் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்த அலை, எஸ் என்றால் துரு, இரட்டை எக்ஸ் என்றால் அந்தப் பாகமே மாற்றப்பட்டது. பக்கத்திலிருக்கும் எண் எவ்வளவு மோசம் என்று சொல்லும். தாள் உண்மையானதாக இருந்தால் இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

"அண்ணே, பாருங்க, ஃபோர் பாயிண்ட் ஃபைவ். ஆக்சிடெண்ட் காடி இல்ல."

"தம்பி, இந்த ஷீட்டு ஒரிஜினல்தானா?"

"என்ன அண்ணே, நம்பிக்கை இல்லியா?"

இந்த உரையாடல் இதற்கு மேல் நகர்ந்து பார்த்தவர்கள் குறைவு. தாளைத் திருத்துவதும், கிலோமீட்டரைப் பின்னுக்குத் திருப்புவதும் இந்த வியாபாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கள்ளம். ஜப்பானியம் படிக்கத் தெரியாதவர் கையில் அது வெறும் படம் போட்ட காகிதம்.

ஷோரூமுக்குக் கீழே இன்னோர் உலகம் உண்டு: ஹாஃப்கட். ஜப்பானிலோ சிங்கப்பூரிலோ காலம் முடிந்த காரைக் குறுக்கே அறுத்து, முன்பாதியை எஞ்சினும் கியர்பாக்ஸுமாகக் கொண்டுவருவார்கள். பழைய உதிரிபாக இறக்குமதியை 2011 ஜூன் முதல் தடைசெய்வோம் என்றும் அந்த 2009 கொள்கை சொன்னது. கடைகள் இன்றும் திறந்தேதான் இருக்கின்றன. இதில் பாதி வரம், பாதி வினை. புது எஞ்சின் வாங்க வசதியில்லாதவர் வண்டி ஓடுவது ஹாஃப்கட் கடைகளால்தான். 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலுக்கு அண்ணன்முறை ஜப்பானின் டைஹாட்சு மிரா. அதன் டர்போ எஞ்சினைக் கஞ்சிலுக்குள் இறக்கிப் பறக்கவிட்ட தலைமுறை ஒன்று இங்கே உண்டு, அதில் நம் பையன்களும் ஏராளம். கூடவே, 'எஸ்ஆர்எஸ்' என்று பொறித்த ஸ்டீரிங்கையும் கழற்றி மாட்டுவார்கள். மோதலை உணரும் சென்சாரும் அதைக் கட்டளையாக மாற்றும் கணினியும் இல்லாத வண்டியில் அந்த ஏர்பேக் மூன்றெழுத்து அலங்காரம் மட்டுமே. இன்னும் துணிந்தவர்கள் முன்பாதியையும் பின்பாதியையும் பற்றவைத்து ஒரே காராக்கி, வேறொரு காரின் எண்ணைப் போட்டு ஓட்டினார்கள். அப்படிப்பட்ட காரை நெடுஞ்சாலையில் மோதவிட்டால் பற்றவைத்த இடம் முதலில் விட்டுக்கொடுக்கும்.

இதற்கு நேர்மாறான ஊர் அமெரிக்கா. 1988-இல் போட்ட சட்டப்படி, அமெரிக்கப் பாதுகாப்பு விதிக்கு ஒத்துவராத கார் 25 வயதைத் தாண்டினால்தான் தடையின்றி உள்ளே வரலாம். பில் கேட்ஸ் வாங்கிய போர்ஷே 959 பத்தாண்டுக்கும் மேல் சுங்கக் கிடங்கில் கிடந்தது இந்த மாதிரி விதியால்தான். மோதிக் காட்ட நான்கு கார் கொடுங்கள் என்றால் போர்ஷே கொடுக்கவில்லை. நாம் ஐந்து வயதுக்குள் என்கிறோம், அவர்கள் 25 வயதுக்கு மேல் என்கிறார்கள். இரண்டுக்கும் பாதுகாப்பு என்றே பெயர். அமெரிக்கச் சட்டத்துக்குப் பின்னால் மெர்சிடிஸ் முகவர்களின் நெருக்குதலும், இங்கே உள்நாட்டுக் கார்த்தொழிலின் நலனும் இருந்ததை யாரும் பெரிதாக மறைப்பதில்லை.

உயிர்போகிற விஷயம் டக்காட்டா. அந்த ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக் இன்ஃப்ளேட்டருக்குள் அமோனியம் நைட்ரேட் இருந்தது. ஈரப்பதத்திலும் வெப்பத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது சிதைந்து, மோதலின்போது வேகம் மீறி எரிந்து, உலோகக் கூட்டையே துண்டுகளாக உடைத்து முகத்தில் எறியும். உலகெங்கும் பல கோடிக் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-இல் நிறுவனம் திவாலானது. அமெரிக்காவுக்கு வெளியே தெரியவந்த முதல் மரணம் நம் நாட்டில். 2014 ஜூலையில் சரவாக்கின் சீபுவில், 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டியில் வந்த கர்ப்பிணி ஒருவர் சாதாரண மோதலில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. 2016-இல் கெடாவிலும் சபாவிலும் இன்ஃப்ளேட்டர் வெடித்த விபத்துகளில் ஓட்டுநர்கள் இறந்தார்கள். வெயிலும் புழுக்கமும் அந்த ரசாயனத்தைக் கெடுக்கும் என்றால், பினாங்கில் ஆண்டு முழுக்க அதுதானே பருவம்?

அந்தச் சிட்டி முறையாக இங்கே விற்ற கார், வாங்கியவர் முகவரி முகவரிடம் இருந்தது. ரிகண்ட் காருக்கு யார் கடிதம் போடுவார்கள்? தயாரித்த நிறுவனத்தின் ஏட்டில் அது ஒசாகாவிலோ நகோயாவிலோ இருந்த பழைய சொந்தக்காரரின் பெயரோடு முடிந்துவிடுகிறது. நாமே தேடலாம் என்று உட்கார்ந்தாலும் ஒரு தடை: உலகம் முழுக்கக் காருக்கு 17 இலக்க அடையாள எண் என்றால், ஜப்பான் உள்நாட்டுக் காருக்கு அதைவிடக் குறுகிய சேஸி எண்தான் பொறிப்பார்கள். ஏஜிஎச்30 என்று தொடங்கி ஒரு கோடு, பிறகு ஓர் எண். பதினேழு கட்டங்கள் கேட்கும் இணையப் படிவம் அதை ஏற்காது.

ரிகண்டை ஒழித்துக்கட்டினால் சரியாகிவிடும் என்பவர்களோடு இந்தப் பத்தி சேராது. செய்யவேண்டியது அலுவலக வேலை, அதுவும் கடினமில்லை. ஒவ்வொரு ரிகண்ட் காரின் சேஸி எண்ணும் பதிவு செய்யும்போதே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் வந்துவிடுகிறது. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை திரும்ப அழைக்கப்படுகிறது என்பதை ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சு வெளிப்படையாகவே வெளியிடுகிறது. இரண்டு பட்டியலையும் கணினியில் ஒப்பிட்டு, பொருந்தும் வண்டிக்கு ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும்போது ஓர் அறிவிப்பு போட்டால் போதும். ஜப்பானியப் பழைய கார்களால் நிறைந்த நியூசிலாந்து, 2018-இல் ஆபத்து மிகுந்த 'ஆல்ஃபா' வகை டக்காட்டா ஏர்பேக்குகளைச் சட்டம் போட்டே திரும்ப அழைத்தது. முகவர் விற்றதா, பழையதாக வந்திறங்கியதா என்ற பேதம் அதில் இல்லை. ஏபிக்கு 10,000 வெள்ளி வாங்கும் அரசுக்கு, அந்தப் பணத்தில் ஒரு துளியை இதற்கு ஒதுக்க மனம் வேண்டும்.

அதுவரை வண்டிக்காரர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பதிவு அட்டையில் இருக்கும் சேஸி எண்ணை எழுதிக்கொண்டு, அந்தக் காரின் அதிகாரபூர்வ முகவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். எங்களிடம் வாங்கியது இல்லை என்று தட்டிக்கழித்தால், கிரீன்லேனில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. தமிழிலேயே புகார் கொடுக்கலாம். பட்டியலில் உங்கள் எண் இருந்தால், இன்ஃப்ளேட்டரை மாற்றும்வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள்.