கல்லறைக்குப் போக கேட் பாஸ்

எங்கள் அலுவலக கேன்டீனில் ஒரு விளையாட்டு சேனல் ஓடிக்கொண்டே இருக்கும். ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் அதில் கோல்ஃப். கடலோரம், பச்சைப் புல்வெளி, ஓக் மரங்கள், சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம். ஜெயித்தவருக்குக் கட்டம் போட்ட கோட்டு மாட்டிவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன், "ரிட்டயர் ஆனா இந்த மாதிரி இடத்துல ஒரு வில்லா வாங்கிப் போட்ரணும் மச்சி" என்றான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எந்த ஊர் என்று தேடிப் பார்த்தேன்.

ஹில்டன் ஹெட் தீவு. அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலம். பனிக்கு பயந்த வடமாநிலப் பணக்காரர்கள் ஓய்வெடுக்க வரும் இடம். அந்த மைதானம் இருக்கும் குடியிருப்புக்கு வைக்கப்பட்ட பெயர் சீ பைன்ஸ் பிளாண்டேஷன். அதைப் பார்த்துத் தொடங்கியவை ஹில்டன் ஹெட் பிளாண்டேஷன், போர்ட் ராயல் பிளாண்டேஷன், ஷிப்யார்ட் பிளாண்டேஷன், வெக்ஸ்ஃபோர்ட் பிளாண்டேஷன்.

அந்தத் தீவில் பிளாண்டேஷன் என்றால் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்களைச் சவுக்கால் அடித்துப் பருத்தி விளைவித்த பண்ணை. அந்தச் சொல்லை வீடு விற்கும் பெயராக வைக்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது, வாங்கவும் ஆள் வந்திருக்கிறது. மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்து செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் முன்னால் 'லயம் வில்லாஸ்' என்று பலகை நட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சீ பைன்ஸ் இன்று தன்னை ரிசார்ட் என்றுதான் விளம்பரப்படுத்திக்கொள்கிறது. சொல் போய்விட்டது, கேட் இருக்கிறது.

1861 நவம்பரில் வடக்குப் படை போர்ட் ராயல் பகுதியைப் பிடித்ததும் வெள்ளைப் பண்ணையார்கள் ஓடிப்போனார்கள். விடுபட்ட மக்கள் 1862இல் இதே ஹில்டன் ஹெட்டில் மிட்செல்வில் என்று தங்களுக்கென ஓர் ஊரை அமைத்தார்கள். சொந்தமாக நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்குப் போக வேண்டும் என்று விதி போட்டார்கள். எழுதப் படிக்கக் கற்பதே குற்றமாக இருந்த மாநிலத்தில், விலங்கு கழன்ற கையோடு அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று இது.

1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் 15ஆம் எண் கள ஆணையைப் பிறப்பித்தார். இந்தக் கடற்கரைத் தீவுகளிலும் அதையொட்டிய நிலத்திலும் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை விடுதலை பெற்றவர்களுக்கு என்றது ஆணை. லிங்கன் கொல்லப்பட்ட பிறகு பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டிலேயே அதைத் தலைகீழாக்கினார். பெரும்பாலான நிலம் பழைய முதலாளிகளிடமே திரும்பியது. இருந்தாலும் இந்தத் தீவுகளில் கறுப்பின மக்கள் பலர் வரி ஏலத்தில் காசு கொடுத்து நிலம் வாங்கியிருந்தார்கள். அது நின்றது. அவர்களின் வழித்தோன்றல்கள்தான் கல்லா கீச்சி மக்கள். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளின் சாரம் கலந்த தனி மொழி, மீன்வலை, புல்லால் பின்னும் கூடை, நெல்லுச் சோறு என்று தொண்ணூறு ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளாத தீவில் வாழ்ந்தார்கள். பாலம் இல்லை, கொசு அதிகம். பணக்காரனுக்கு அந்த மண் வேண்டியிருக்கவில்லை.

1956இல் பாலம் வந்தது.

மரம் வெட்டுவதற்காகத் தீவின் பெரும்பகுதியை ஒரு கூட்டு வாங்கியிருந்தது. அதில் பங்குதாரரான ஒருவரின் மகன் சார்லஸ் ஃபிரேசர், யேல் பல்கலையில் சட்டம் படித்தவர். மரத்தை வெட்டி விற்பதைவிட மரத்தோடு மனையாக விற்பதில் காசு அதிகம் என்று கண்டுகொண்டார். ஒவ்வொரு பத்திரத்திலும் நிபந்தனை எழுதினார்: இந்த மரத்தை வெட்டக் கூடாது, வீட்டுக்கு இந்த நிறம்தான், பளிச்சென்று பெயர்ப் பலகை கூடாது. சுற்றுச்சூழலைக் காத்தவர் என்று இன்றும் அவருக்குப் புகழ் உண்டு. பொய்யில்லை. மரத்துக்குப் பத்திரத்தில் பாதுகாப்பு எழுத முடிந்தவர்களுக்கு, பக்கத்தில் குடியிருந்த மனிதர்களுக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை என்பதுதான் என் வருத்தம். 1969இல் ஹார்பர் டவுன் கோல்ஃப் மைதானம் திறந்தது. அதே ஆண்டு முதல் போட்டி. ஆர்னால்டு பாமர் ஜெயித்தார். அதன் பிறகு ஹில்டன் ஹெட் என்றால் கோல்ஃப்.

கோல்ஃப் மனை வியாபாரத்தின் சூட்சுமம் எளிமையானது. மைதானத்தால் பெரிய லாபம் வர வேண்டியதில்லை. அதைப் பார்த்தபடி இருக்கும் மனைக்கு விலை ஏறினால் போதும். ஆனால் ஒரு மனையின் விலை ஏறினால் பக்கத்து நிலத்தின் சொத்து வரியும் ஏறும். கத்தரிக்காயும் மீனும் விற்று வாழ்ந்த குடும்பத்துக்குத் திடீரென்று வில்லாக்காரனுக்கு வருகிற மாதிரி வரி வருகிறது. கட்ட முடியாதவனின் நிலம் ஏலத்துக்குப் போகிறது.

இன்னொரு வழி நமக்கு நன்றாகவே தெரிந்தது. கல்லா மக்களின் நிலம் பெரும்பாலும் பாகம் பிரிக்காத சொத்து. பாட்டன் உயில் எழுதவில்லை. வக்கீலையும் நீதிமன்றத்தையும் நம்பும் நிலையில் கறுப்பர் யாரும் இல்லை. மூன்று தலைமுறையில் பங்காளிகள் ஐம்பது அறுபது பேராகி நியூயார்க்குக்கும் அட்லாண்டாவுக்கும் சிதறிவிட்டார்கள். மனைக் கம்பெனி அதில் எங்கோ இருக்கும், தீவையே பார்த்திராத ஒரு பங்காளியைத் தேடிப் பிடித்து அவர் பங்கை வாங்கும். பிறகு பாகப் பிரிவினை வழக்கு போடும். பிரிக்க முடியாது என்று நீதிமன்றம் முழு நிலத்தையும் ஏலத்துக்கு விடும். ஏலத்தில் யாரிடம் காசு இருக்கும்? இதற்குக் கொஞ்சம் கடிவாளம் போடும் சட்டத்தைத் தெற்கு கரோலினா கொண்டுவந்தது 2016இல்தான். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒரு வெள்ளை வெறியனால் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பின செனட்டர் கிளமெண்டா பிங்க்னியின் பெயர் அதற்கு. அதற்குள் ஹில்டன் ஹெட்டில் கறுப்பின மக்கள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டார்கள். பாலத்துக்கு முன் தீவே அவர்களுடையது. இன்று அந்த ஓட்டல்களில் படுக்கை விரிக்கவும் பாத்திரம் கழுவவும் உள்மாவட்டங்களிலிருந்து ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் வரை பேருந்தில் வருகிறார்கள்.

"வேலை கிடைச்சுதே" என்றான் நண்பன். கிடைத்தது. சொந்த நிலம் இருந்தவனுக்கு அதே நிலத்தில் கூலி வேலை கிடைத்தது. நம் ஊரில் 1892 அரசாணைப்படி கொடுத்த பஞ்சமி நிலத்தில் இப்போது யார் பெயர்ப் பலகை இருக்கிறது என்று கேட்டாலும் இதே பதில்தான் வரும். இங்கே பிறருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையே உண்டு. அதுவும் காப்பாற்றவில்லை. காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியதற்காக 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

இதெல்லாம் வரலாறு என்று கடந்துபோயிருப்பேன். நிறுத்தியது சுடுகாடு.

கல்லா மக்கள் இறந்தவர்களைத் தண்ணீர் ஓரம் புதைப்பார்கள். ஆன்மா நீர்வழியே ஆப்பிரிக்கா திரும்பும் என்பது நம்பிக்கை. மனைக் கம்பெனிக்கும் தண்ணீர் ஓரம்தான் வேண்டும். ஹார்பர் டவுனில் பிராடக் பாயிண்ட் கல்லறைத் தோட்டம் இன்று கோல்ஃப் மைதானத்தை ஒட்டி, மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. உள்ளே போக சீ பைன்ஸ் கேட்டைத் தாண்ட வேண்டும். வெளியாள் வண்டிக்குக் கட்டணம் உண்டு. பாட்டியின் குழிமேட்டுக்குப் பூ வைக்க வந்தவர் காவலாளியிடம் காரணம் சொல்லித்தான் போக வேண்டும்.

என் தாத்தா இறந்தபோது எனக்கு பதினோரு வயது. ஊர்த்தெரு வழியாகப் போனால் சுடுகாடு பத்து நிமிடம். நாங்கள் வாய்க்காலில் இறங்கி, முழங்கால் சேற்றில், வயல் வரப்பு சுற்றிப் போனோம். பாடை சாய்ந்தபோது என் சித்தப்பா வாய்விட்டு அழுதார். தாத்தாவுக்காக அழுதாரா, சேற்றுக்காக அழுதாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. 2019இல் வாணியம்பாடி அருகே பாதை மறிக்கப்பட்டதால் பாலாற்றுப் பாலத்திலிருந்து ஒரு தலித் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்களே, அந்த வீடியோவை அவர் முழுவதும் பார்க்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கேட் போட்ட குடியிருப்பில் விற்கப்படுவது புல்வெளி மட்டுமல்ல. யார் உள்ளே வரமாட்டார்கள் என்ற உத்தரவாதமும் சேர்த்து விற்கப்படுகிறது. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் விதியில் 1934 முதல் 1961 வரை வெள்ளையர் மட்டும் என்றே எழுதியிருந்தது. அகஸ்டா நேஷனல் கிளப் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது 1990இல். அதுவரை கறுப்பர்கள் உள்ளே இல்லாமல் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு இருந்தார்கள். நம் ஊரில் விதியை எழுதக்கூடத் தேவையில்லை, உறுப்பினர் கட்டணமும் பரிந்துரைக் கடிதமும் போதும்.

பக்கத்தில் செயின்ட் ஹெலினா தீவு. மார்ட்டின் லூதர் கிங் தோழர்களோடு கூடித் திட்டமிட்ட பென் சென்டர் அங்கேதான் இருக்கிறது. ஹில்டன் ஹெட்டுக்கு நடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்த அந்த மக்கள், 1999இல் மாவட்ட நிர்வாகத்தை ஒரு விதி போட வைத்தார்கள்: இந்தத் தீவில் கேட் போட்ட குடியிருப்பு கூடாது, கோல்ஃப் மைதானம் கூடாது. 2023இல் அதையொட்டிய பைன் தீவின் சுமார் 500 ஏக்கரை விதியிலிருந்து விலக்கி கோல்ஃப் மைதானம் அமைக்க ஒரு முதலீட்டாளர் கேட்டார். கூட்டத்துக்குக் கூட்டம் மக்கள் வந்து பேசினார்கள். கவுன்சில் மறுத்ததோடு விதியை இன்னும் இறுக்கியது.

இதை எழுதும் முன் சித்தப்பாவிடம் போனில் செயின்ட் ஹெலினா கதையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தச் சட்டத்துல சுடுகாட்டுக்குப் பாதை உண்டாப்பா?" என்றார். படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.