மொட்டை மாடியில் வாடும் குட்டி மரங்கள்
எவ்வளவு வெயில் தேவை? எந்த வெயில் தேவை?

உயரம் ஒரு முழம்தான். ஆனால் அது செடி அல்ல, மரம்! தடித்த அடிமரம் உண்டு. கிளை உண்டு. விழுதுகூட உண்டு. வயது 20 இருக்கும். அது வளர்வதோ ஒரு தட்டில்!

இதற்குப் "போன்சாய்" என்று பெயர். ஜப்பானிய மொழிச் சொல் இது. "தட்டில் நட்டது" என்று பொருள். சீனாவில் பிறந்த கலை. ஜப்பானில் வளர்ந்த கலை. இப்போது நம் ஊர் மொட்டை மாடிகளிலும் குடியேறிவிட்டது.

கிரகப்பிரவேசத்துக்குப் போகிறவர்கள் முன்பு குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். இன்று சிலர் குட்டி மரம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. பல ஆயிரம் கொடுத்து வாங்குவோரும் உண்டு.

வாங்கிய மரம் பிழைக்கிறதா? அதுதான் கேள்வி. கோடை வந்தால் பல வீடுகளில் தட்டு மட்டும் மிஞ்சுகிறது.

கோடையும் முன்போல இல்லை. உலகில் வெப்பத்தை அளக்கத் தொடங்கிய பிறகு அதுவரை கண்ட ஆண்டுகளில் 2024தான் மிகவும் சூடான ஆண்டு. அதே 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. புயல், வெள்ளம் போல வெயிலும் பேரிடர் ஆகிவிட்டது! மனிதனாவது நிழலுக்கு ஓடுவான். தட்டில் நிற்கும் மரம் எங்கே ஓடும்?

நண்பரின் இச்சி மரம்

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்றவர். தனி வீட்டில் இருந்தபோது ஒரு இச்சி மரத்தைத் தட்டில் வளர்த்தார். இச்சி என்பது ஆலமரத்தின் தம்பி. 18 ஆண்டுகள் வளர்த்தார். முற்றத்து வேப்பமரத்தின் அடியில் அது நின்றது. பேரன், பேத்திகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். ஐந்தாவது மாடி. அங்கே வேப்பமரம் ஏது? குட்டி மரத்தை மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தார். இந்த மரத்துக்கு "முழு வெயில் தேவை" என்று ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் போட்டிருந்தது. அதை நம்பினார்.

மே மாதம் இரண்டாவது வாரம். இலையின் ஓரம் தீய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று எண்ணினார். மூன்று வேளையும் ஊற்றினார். இலைகள் கொட்டின. ஒரு நாள் பிற்பகல் தட்டை நகர்த்தலாம் என்று கை வைத்தார். சுரீர் என்றது! விரலை எடுத்துவிட்டார்.

அந்தத் தட்டுக்குள்தான் மரத்தின் வேர் முழுவதும் இருந்தது.

புத்தகம் பொய்யா?

பொய் அல்ல. எழுதியவர் ஊர் வேறு. அவ்வளவுதான்.

ஜப்பானின் டோக்கியோ நகரம் பூமத்திய ரேகையிலிருந்து 35 டிகிரிக்கு மேல் வடக்கே இருக்கிறது. அங்கே சூரியன் ஒரு நாளும் உச்சந்தலைக்கு நேராக வருவதில்லை. கோடையிலேயே சற்றுச் சாய்ந்துதான் நிற்கும். குளிர்காலத்தில் பகல் 10 மணி நேரம்கூட இல்லை. நண்பகலிலும் சூரியன் வானத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத்தான் ஏறும். அப்படிப்பட்ட ஊரில் "முழு வெயிலில் வை" என்று சொன்னால் நியாயம் உண்டு. ஐரோப்பாவில் எழுதும் புத்தகங்களுக்கும் இதே கதைதான்.

சென்னை இருப்பது 13 டிகிரியில். இங்கே சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சியில் நிற்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை. ஆகஸ்டு மூன்றாவது வாரத்தில் ஒரு முறை. அன்று நண்பகலில் நட்ட கம்புக்கு நிழலே விழாது! பள்ளிப் பிள்ளைகள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். தெற்கே போகப் போக முதல் நாள் முந்தி வரும். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாவது வாரத்திலேயே வந்துவிடும்.

ஆகவே அவர்களுடைய முழு வெயில் வேறு. நம்முடைய முழு வெயில் வேறு.

தெற்குப் பால்கனி ரகசியம்

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. வெளிநாட்டுப் புத்தகங்கள் "தெற்குப் பக்கம் வையுங்கள், அங்கேதான் வெயில் அதிகம்" என்று சொல்லும். அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஊரில்?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடு வரை சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஆம், வடக்கே! காலையில் உதிப்பதும் கிழக்குக்கு வடக்கே ஒதுங்கித்தான். அதனால் மே, ஜூன் மாதங்களில் தெற்குப் பார்த்த பால்கனியில் நேர் வெயில் விழுவது மிகக் குறைவு. வெளிச்சம் இருக்கும், சுடும் வெயில் இராது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து அந்தப் பால்கனிக்குள் தாராளமாக நுழையும்.

கோடையில் நிழல், குளிர் மாதங்களில் வெயில். குட்டி மரத்துக்கு வேறென்ன வேண்டும்?

கிழக்குப் பால்கனி இன்னும் நல்லது. ஆண்டு முழுவதும் இளவெயில் வரும். மேற்குப் பால்கனிதான் மோசம். பகல் முழுவதும் காய்ந்த சுவர் ஒரு பக்கம். சாய்ந்த வெயில் மறுபக்கம். நடுவில் மரம். இரவு வந்தாலும் சுவர் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

சுடுவது இலை அல்ல, வேர்

தரையில் நிற்கும் ஆலமரம் அக்கினி நட்சத்திரத்தில் வாடுவது இல்லை. ஏன்? அதன் வேர் ஆழத்தில் இருக்கிறது. மேல் மண் கொதித்தாலும் ஒரு முழம் கீழே குளிர்ச்சி உண்டு. தட்டில் இருக்கும் மரத்துக்கு இரண்டு மூன்று அங்குல மண்தான். மேலே வெயில், பக்கத்தில் வெயில், கீழே சிமெண்டுத் தளம். தோசைக்கல்லில் வைத்தது போல!

தட்டு மண்ணின் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் மெல்லிய வேர்கள் கெடத் தொடங்கும். கெட்ட வேர் தண்ணீரை உறிஞ்சாது. மண் ஈரமாக இருக்கும், இலை வாடும். வீட்டுக்காரர் இன்னும் ஊற்றுவார். வேர் அழுகிவிடும். என் நண்பர் செய்தது இதுதான்.

மாடித் தொட்டித் தண்ணீரிலும் எச்சரிக்கை வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்கு வரும் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். நமக்கே குளிக்க முடியாது. அதை மரத்துக்கு ஊற்றலாமா? காலையிலேயே ஒரு வாளியில் பிடித்து நிழலில் வைத்துக்கொள்ள வேண்டும். மரம் துவண்டால் மதியமும் ஊற்றலாம், தவறு இல்லை. காய்ந்த மரத்துக்கு மாலை வரை பொறு என்று சொல்வதுதான் தவறு.

அப்படியானால் ஹாலில் வைக்கலாமா?

கூடாது! பலர் செய்யும் தவறு இது. வெயிலுக்குப் பயந்து டெலிவிஷன் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகுதான்.

வெட்டவெளியில் நண்பகல் வெளிச்சம் சுமார் 1 லட்சம் "லக்ஸ்". லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அளவு. வீட்டு ஹாலில் 500 லக்ஸ் இருந்தாலே அதிகம். இருநூறில் ஒரு பங்கு! நம் கண் இந்த வேறுபாட்டை உணராது. இருட்டுக்குத் தகுந்தபடி கண்மணி விரிந்துகொள்ளும். இலைக்கு அந்த வித்தை தெரியாது. வெளிச்சம்தான் அதற்குச் சோறு. ஹாலில் வைத்த மரம் பட்டினி கிடக்கிறது. உடனே சாகாது, சில மாதம் தாங்கும். கொம்பு நீளும், இலை பெரிதாகி வெளிறும். குட்டி மரத்தின் அழகே நெருக்கமான கிளையும் சிறிய இலையும்தான். நல்ல வெயிலில்தான் இலை சிறுக்கும்.

இங்கேதான் சங்கடம். நிழலில் வைத்தால் அழகு கெடுகிறது. வெயிலில் வைத்தால் வேர் கெடுகிறது.

வழி என்ன?

"எத்தனை மணி நேரம்?" என்று கேட்பதை விட "எந்த மணி நேரம்?" என்று கேட்பதே சரி. காலை ஆறரை மணி முதல் பத்தரை வரை உள்ள வெயில் மரத்துக்கு அமுதம். வெளிச்சம் போதும், தட்டு சுடாது. இலைகள் பலவற்றுக்கு உச்சி வெயிலில் பாதி வெளிச்சமே போதும். மீதியை இலையால் பயன்படுத்த முடியாது. அது வெறும் சூடுதான்.

ஆகவே ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் காலை வெயில் நான்கைந்து மணி நேரம் படட்டும். பிறகு பச்சை வலை கட்டுங்கள். பாதி வெளிச்சத்தை விடும் வலை போதும். வலை கட்ட வசதி இல்லாதவர்கள் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டலாம். காசு செலவு இல்லை! தட்டைத் தளத்தில் வைக்காமல் நான்கு செங்கல் மேல் வைக்க வேண்டும். தட்டைச் சுற்றி ஈரச் சாக்கு போட்டால் இன்னும் நல்லது.

மழைக்காலம் வந்ததும் வலையை அவிழ்த்துவிட வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஐப்பசி மேகத்துக்கு அடியில் வலையும் இருந்தால் மரத்துக்கு என்ன மிஞ்சும்?

கடலோர ஊருக்கும் உள்ளூருக்கும் வேறுபாடு உண்டு. சென்னையில் பிற்பகல் கடல் காற்று வந்து காப்பாற்றும். அது வரத் தாமதமானால் சென்னையும் வெந்துவிடும். 2003 மே மாதம் சென்னையில் 45 டிகிரி அடித்தது. வேலூர், கரூர், ஈரோடு மக்களுக்குக் கடல் காற்றும் கிடையாது. அங்கே வலையைப் பங்குனியிலேயே கட்ட வேண்டும்.

கடையிலிருந்து வாங்கி வந்த மரத்தை அன்றே வெயிலில் வைக்கவும் கூடாது. நர்சரியில் அது வலைக்குள் இருந்த மரம். இரண்டு வாரம் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

எந்த மரம்?

ஆல், அரசு, இச்சி, புளி, காகிதப்பூ. இவை நம் வெயில் தெரிந்த மரங்கள். காகிதப்பூவுக்கு வெயில் அதிகமாக வேண்டும், இல்லாவிட்டால் பூக்காது. பைன், ஜூனிபர் என்று அழகாக வைத்திருப்பார்கள். மயங்காதீர்கள்! அவை குளிரில் ஓய்வெடுத்துப் பழகியவை. ஊட்டி, கொடைக்கானலில் பிழைக்கும். சமவெளியில் பெரும்பாலும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருக்கும். எந்த வலை கட்டியும் பயன் இல்லை.

(குட்டை மரம் வீட்டுக்கு ஆகாது என்று சொல்வோரும் உண்டு. அது அவரவர் நம்பிக்கை. நாம் பேசுவது வெயிலைப் பற்றி மட்டும்.)

ஜப்பானிலும் அதே கவலை

ஜப்பானில் ஒமியா என்ற இடத்தில் ஒரு "போன்சாய் கிராமம்" இருக்கிறது. 1923-ல் டோக்கியோவைப் பெரும் பூகம்பம் அழித்தது. அங்கே குட்டி மரம் வளர்த்தவர்கள் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடிப் போனார்கள். 1925-ல் இந்தக் கிராமத்தை அமைத்தார்கள். 2025-ல் அதற்கு நூறு வயது நிறைந்தது.

அதே மாகாணத்தில் உள்ள குமகாயா நகரில் 2018 ஜூலை 23-ந் தேதி 41.1 டிகிரி வெயில் அடித்தது. பக்கத்து மாகாணத்தில் உள்ள இசேசாகி நகரில் 2025 ஆகஸ்டு 5-ந் தேதி 41.8 டிகிரி! ஜப்பான் அதுவரை கண்டிராத வெயில். கோடையில் நாணல் தட்டி கட்டி மரங்களுக்கு நிழல் தருவது அங்கே பழைய வழக்கம்தான். "முழு வெயில்" என்று புத்தகம் சொன்ன நாட்டிலேயே இன்று அந்தத் தட்டிக்கு வேலை கூடிவிட்டது.

நண்பரின் மரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அழுகிய வேரை வெட்டினார். புது மண்ணில் நட்டார். கிழக்குப் பால்கனியில் வைத்தார். ஒரு பக்கக் கிளை முழுவதும் போய்விட்டது. மறுபக்கம் 40 நாள் கழித்து அடிமரத்தில் சிவந்த மொட்டு ஒன்று தெரிந்தது. இப்போது மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பேத்திதான் காலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். ஊற்றும் முன் தட்டைத் தொட்டுப் பார்க்கிறாள்.