வகுத்தல் மட்டும் போதுமா?

டர்போசார்ஜர் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையினால் சுழல்வது. எஞ்சின் மெல்ல ஓடும்போது புகை குறைவாகையால் அது வேகம் பெறத் தாமதிக்கும். அக்குறையை நீக்கவே மின் மோட்டாரால் சுழலும் சூப்பர்சார்ஜர் பயன்படுத்தப்படுகிறது. 2016இல் வெளிவந்த ஆடி எஸ்.க்யூ. 7 டீசல் காரில் அமைந்த இத்தகைய கருவி, 48 வோல்ட் மின்சாரத்தில் 7 கிலோவாட் வரை பெற்று, கால் வினாடிக்குள் நிமிடத்திற்கு 70,000 சுற்று வேகத்தை எட்டும் என அறிவிக்கப்பட்டது.

இக்காலத்தைக் கணிக்க எவருக்கும் முதலில் தோன்றும் வழி, சுழலும் பாகங்களின் இயக்க ஆற்றலை மோட்டாரின் திறனால் வகுப்பதாகும். அவற்றின் நிலைமத் திருப்புத்திறன் 0.00002 கிலோகிராம் சதுர மீட்டர் எனக் கொள்க. 70,000 சுற்றில் ஆற்றல் ஏறக்குறைய 537 ஜூல். அதனை 7,000 வாட்டால் வகுத்தால் 0.077 வினாடி கிடைக்கும்.

இவ்விடை கீழெல்லை மட்டுமே. மின்னோட்டத்திற்கு வரம்புண்டாதலின் முறுக்கு விசைக்கும் வரம்புண்டு. ஆகையால் மோட்டார் தொடக்கத்திலேயே முழுத்திறனைத் தர இயலாது. முறுக்கு விசை மாறாதிருந்து, இறுதி வேகத்தில்தான் முழுத்திறன் கிட்டுமாயின், சராசரித் திறன் பாதியே. காலம் இருமடங்காகி 0.154 வினாடியாகும். அன்றியும், காற்றை அழுத்த வேண்டிய முறுக்கு விசை ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தையொட்டி உயரும். இறுதி வேகத்தில் மோட்டாரின் விசையில் 64 விழுக்காடு காற்றுக்கே செல்லுமாயின், காலம் 0.21 வினாடியாக நீளும். இது முதல் விடையைப் போல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு.

மாணவருக்கு வகுத்தலே போதும், மற்றவை மேற்படிப்புக்குரியவை என்பார் உளர். அது பொருந்தாது. சராசரித் திறன் பாதி என்பதை உயர்நிலைப் பள்ளி மாணவரும் உணர்வர். முதல் விடையை நம்பிச் சிறிய மோட்டாரைத் தேர்ந்தால், எந்தத் தாமதத்தைப் போக்கக் கருவி வாங்கப்பட்டதோ அத்தாமதமே திரும்ப வந்து சேரும். காற்று போதவில்லை என்று சக்கரத்தைப் பெரிதாக்குவதும் எண்ணிச் செய்யத்தக்கது. வடிவமும் பொருளும் மாறாமல் விட்டம் 10 விழுக்காடு கூடினால், நிலைமத் திருப்புத்திறன் ஐந்தாம் அடுக்கின்படி 61 விழுக்காடு உயரும்.

ஆகவே, விளம்பரத்தில் ஒரு கால அளவைக் காணும் களப்பணியாளர் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. எந்த வேகத்திலிருந்து தொடங்கி அளந்தனர்? காற்றுச் சுமையுடன் அளந்தனரா? மோட்டாரின் உச்ச முறுக்கு விசை எவ்வளவு? இம்மூன்றும் தெரியாதவரை அந்த எண்ணைக் கொண்டு ஒரு கருவியை மற்றொன்றோடு ஒப்பிடுவது முறையாகாது.